செம்பனைத் தோட்டத்திலிருந்து வணிக மேசைக்கு



புக்கிட் செந்தோசாவிலிருந்து கோலாலம்பூர் போய் வணிக மேசையில் வேலை செய்கிற நாங்கள் மூவரும் ஆளுக்கு ஒரு உரையாற்ற வேண்டும் என்று சங்கம் கேட்டது. மூன்று உரை என்றால் பிரியாணி ஆறிவிடும். ஆகவே மூவரும் சேர்ந்து எழுதியதை ஒருவர் வாசிக்கிறோம்.

வணிகம் நம் மக்களுக்குப் புதிதல்ல. தோட்டத்து மளிகைக் கடை, சைக்கிளில் துணி மூட்டை, நாணய மாற்று, சாப்பாட்டுக் கடை என்று அதிலேதான் வளர்ந்தோம். ஆனாலும் "டிரேடிங் வேலைக்கு மனு போட்டிருக்கிறோம்" என்று சொன்னபோது எங்களில் ஒருவரின் வாப்பா, "எந்தக் கடையில்?" என்றுதான் கேட்டார். அந்தக் கேள்விக்குச் சரியான பதில் சொல்ல எங்களுக்கும் அன்று தெரியவில்லை.

கடை இதுதான். செம்பனை எண்ணெய்க்கு முன்பேரச் சந்தை ஒன்று கோலாலம்பூரில் 1980இல் தொடங்கியது. இன்று அது பூர்சா மலேசியாவின் கீழ் நடக்கிறது. ஓர் ஒப்பந்தம் என்பது 25 டன் கச்சா எண்ணெய். மூன்று மாதம் கழித்துத் தர வேண்டிய எண்ணெய்க்கு இன்றே விலை பேசிக்கொள்கிறார்கள். தோட்டக்காரர் விலை விழுமோ என்று அஞ்சி விற்கிறார். சுத்திகரிப்பு ஆலைக்காரர் விலை ஏறுமோ என்று அஞ்சி வாங்குகிறார். இருவருக்கும் நடுவில் பலர் நிற்கிறார்கள். அந்த நடுவில் நிற்கும் வேலைதான் எங்கள் வேலை. உலகம் முழுவதும் செம்பனை எண்ணெய் விலை பேசுகிறவர்கள் இந்தக் கோலாலம்பூர் விலையைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள்.

இந்த மலாயாவில் செம்பனையை முதன்முதலில் வியாபாரப் பயிராக நட்டது எங்கே தெரியுமா? 1917இல், நம் பத்தாங் பெர்ஜுந்தைக்குப் பக்கத்தில், தென்னமாரம் தோட்டத்தில். நட்டவர் ஹென்றி ஃபொக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். பிற்பாடு அவர் மலாயாவைப் பற்றி நாவல் எழுதி 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசு வாங்கினார். வெட்டிச் சுமந்தவர்கள் யார் என்று இந்த மண்டபத்தில் சொல்ல வேண்டியதில்லை.

எங்களுக்கு வேலை கிடைத்ததற்கும் அந்தச் சுமைக்கும் தொடர்பு உண்டு. நாற்பதுக்கு மேல் மனு போட்டிருப்போம். பதில் வந்ததே நாலைந்துதான். ஒரு நேர்காணலில் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் விலை வரைபடத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "எண்ணெயில் கொழுப்பு அமிலம் ஏன் கூடுகிறது?" என்று கேட்டார். உடன் வந்திருந்த பெரிய பல்கலைக்கழகப் பிள்ளைகள் விழித்தார்கள். எங்களுக்கோ பாட்டி உதிரிப் பழம் பொறுக்கிய கதை ஞாபகம் வந்தது. குலை அடிபட்டாலும், வெட்டிய பழம் ஒரு நாளுக்கு மேல் ரோட்டோரத்தில் கிடந்தாலும் எண்ணெய் கெடும் என்று சொன்னோம். துறைமுகத் தொட்டிக்குள் போகும் எண்ணெயில் அந்த அமிலம் 4 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது. வேலை கிடைத்தது.

வாங்கி விற்கும் மேசை என்று நினைத்துவிடாதீர்கள். முதல் இரண்டு வருடம் பின்னறையில் கணக்கு சரிபார்த்தோம்: யாருக்கு எவ்வளவு முன்பணம் குறைகிறது, எந்தக் கப்பலுக்கு எந்தத் தாள் போகவில்லை என்று. சலிப்பான வேலைதான். ஆனால் பணம் எப்படித் தொலைகிறது என்பதை அங்கேதான் கற்றோம். இடையில் பரீட்சை எழுதினோம். வாடிக்கையாளருக்காக முன்பேரச் சந்தையில் வாங்கி விற்க, பங்கு ஆணையத்தின் உரிமம் வேண்டும். பட்டச் சான்றிதழ் மட்டும் போதாது. வேலையில் சேரும் முன்பே அந்தப் பாடங்களைப் படித்துத் தேறுகிற பிள்ளைக்கு நேர்காணலில் தனி மதிப்பு உண்டு.

இனி சொல்வது சொல்லத் தயங்கியது. சங்கத்தில் மறைக்க வேண்டாம் என்று மூவரும் முடிவு செய்தோம்.

வேலை கிடைப்பதற்கு முன், 2008 ஜூலையில், எங்களில் ஒருவர் வீட்டுப் பணத்தில் ஓர் ஒப்பந்தம் வாங்கினார். அந்த வருடம் மார்ச்சில் விலை டன்னுக்கு 4,000 ரிங்கிட்டைத் தாண்டியிருந்தது. சற்றே இறங்கியிருக்கிறது, மறுபடி ஏறும் என்ற கணக்கு. விலை ஒரு ரிங்கிட் அசைந்தால் 25 ரிங்கிட் கூடும் அல்லது குறையும். ஐந்து வாரத்தில் 700 ரிங்கிட் இறங்கியது. 17,500 வெள்ளி போயிற்று. முன்பணம் கட்டு, முன்பணம் கட்டு என்று அழைப்பு வரும்போதெல்லாம் கட்டினார். வாப்பாவும் உம்மாவும் ஹஜ்ஜுக்குச் சேர்த்த பணம் அது. உம்மா ஒரு சொல் கேட்கவில்லை. சம்பளத்தில் திருப்பிக் கட்ட நான்கு வருடம் ஆனது. அதற்குள் வாப்பா மௌத்தாகிவிட்டார். உம்மா மாமாவோடு போய்வந்தார்.

அந்த அக்டோபரில் விலை 1,500க்கும் கீழே போனது. சரிவு எங்களுக்கு மட்டும் வந்ததில்லை. 1984இல் இதே சந்தையில் விற்றவர்கள் எண்ணெயைக் கொடுக்க முடியாமல் போய், சந்தையே ஆட்டம் கண்டது. அடுத்த வருடம் தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள். 2022 ஏப்ரல் 28 முதல் இந்தோனேசியா ஏற்றுமதியைத் தடுத்தது. ஒரு மாதம் ஆவதற்குள் தடையை எடுத்தது. எந்த வரைபடத்திலும் இது முன்கூட்டித் தெரியாது.

"கையில் இல்லாததை விற்பது கூடுமா?" என்று பெரியவர்கள் கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. நம் நாட்டுப் பங்கு ஆணையத்தின் ஷரியா ஆலோசனை மன்றம் கச்சா செம்பனை எண்ணெய் முன்பேர ஒப்பந்தம் கூடும் என்று முடிவு செய்திருக்கிறது. 1992இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி, சந்தைகளில் வழக்கமாக நடக்கும் முன்பேர முறையை ஏற்கவில்லை. ஸலம் வியாபாரத்தில் முழு விலையையும் முதலிலேயே கொடுத்துவிட வேண்டும். இங்கே அப்படி இல்லை என்பதும் அவர்கள் காரணங்களில் ஒன்று. நாங்கள் ஆலிம்கள் அல்ல. மனம் ஒப்பாதவர் எண்ணெயையே நேரடியாக வாங்கி விற்கும் நிறுவனங்களில், கப்பல் ஏற்றுமதிப் பிரிவில், ஆலையின் விற்பனைப் பிரிவில் சேரலாம். அங்கே ஆட்கள் தேவைப்படுகிறார்கள், சம்பளமும் மோசமில்லை. எங்களில் ஒருவர் அந்தப் பக்கம்தான் போனார்.

பெற்றோருக்கு ஒன்று. "மூன்று நாளில் டிரேடர்" என்று ஹோட்டல் மண்டபத்தில் வகுப்பு எடுத்துப் பல ஆயிரம் வெள்ளி கேட்பவர்களிடம் பிள்ளையை அனுப்பாதீர்கள். நிஜமாகவே அத்தனை சம்பாதிப்பவர் ஏன் வகுப்புக் கட்டணத்துக்கு நிற்கிறார் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

பிள்ளைகளுக்குச் செலவில்லாத பயிற்சி ஒன்று வைத்திருக்கிறோம். மலேசிய செம்பனை எண்ணெய் வாரியம் ஒவ்வொரு மாதமும் 10ஆம் தேதி வாக்கில் உற்பத்தி, ஏற்றுமதி, கையிருப்புக் கணக்கை வெளியிடுகிறது. அதற்கு முந்தின இரவு, இஷாவுக்குப் பிறகு, இந்த மண்டபத்தில் இருப்போம். கையிருப்பு எவ்வளவு வரும், ஏன் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். மழை, பெருநாள் விடுமுறை, இந்தியா எவ்வளவு வாங்கியது என்று உங்கள் காரணம் எதுவாகவும் இருக்கலாம். மறுநாள் வாரியத்தின் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். ஆறு மாதம் எழுதிய தாள்களை நேர்காணலுக்கு எடுத்துப் போங்கள். தவறிப்போன கணிப்புகளையும் கிழிக்காமல் வைத்திருங்கள். அவர்கள் அதைத்தான் முதலில் கேட்பார்கள். பணம் எதுவும் கொண்டுவர வேண்டாம். நோட்டும் பேனாவும் போதும். தங்கைகளுக்கும் இடம் உண்டு.