ஐந்து வழுக்களும் இல்லத்து நாயும்

 

தேனி மாவட்டத்தில், சுருளி அருவிக்குச் செல்லும் வழியில் அமைந்த ஊர் சுருளிப்பட்டி. அவ்வூரைச் சுற்றிலும் திராட்சைப் பந்தல்கள். கம்பம் பன்னீர் திராட்சை 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற பெருமை உடையது. தோட்டக் காவலுக்கு நாய் வளர்ப்பது சிற்றூர் வழக்கம். பந்தலின் கீழ் உதிர்ந்த பழத்தை நாய் தின்னக் கண்டால், 'வாயில்லாச் சீவனும் உண்ணட்டுமே' என்று இரங்குவது மனித இயல்பு. ஆயின் அப்பழமே நாய்க்கு நஞ்சு. திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்க வல்லவை. எவ்வளவு தின்றால் தீங்கு என்று அறுதியிட்டுக் கூற இயலாது. சிறிதளவே தின்று மாண்ட நாய்களும் உண்டு. விழா நாளில் உலர்திராட்சை இட்ட பாயசத்தை அன்போடு நாய்க்கு வைப்பவரும் இத்தீங்கையே செய்கின்றனர்.

ஆதலின் அன்பு மட்டும் போதாது. அறிவும் விழிப்பும் அதனோடு சேர வேண்டும். அவ்விழிப்புக்கு வழிகாட்டி சாவகர் இல்லங்களில் முன்பே உள்ளது. தத்துவார்த்த சூத்திரமும், சமந்தபத்திரரின் இரத்தின கரண்டகமும், அதன் வழியில் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பும் கொல்லாமை விரதத்திற்கு நேரும் ஐந்து வழுக்களைச் சுட்டுகின்றன. கட்டுதல், அடித்தல், உறுப்பை அறுத்தல், மிகைப்பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல் என்பன அவை. கால்நடைகள் நிறைந்திருந்த இல்லறத்தாருக்காகச் சொல்லப்பட்ட இவ்வைந்தும் இன்று நாய் வளர்ப்போருக்கு நாள்தோறும் பயன்படும் அறமாகும்.

முதலாவது, கட்டுதல். நாயைப் பகலிரவாகக் குறுஞ்சங்கிலியில் பிணித்து வைத்தால் அது வெறி கொண்டு குரைக்கும், கழுத்தும் புண்ணாகும். மேகமலைக் காட்டை அடுத்த தோட்டங்களில் சிறுத்தை வந்தால், கட்டுண்ட நாய்க்கு ஓடித் தப்பவும் வழியில்லை. காலையும் மாலையும் அரைமணி நேரமேனும் நடத்திச் செல்லுதல் வேண்டும். தெருவில் செல்லும்போது கைவார் பிடிப்பது பிறர்க்கும் நாய்க்கும் பாதுகாப்பு. அது பிணிப்பு ஆகாது. நெடுநேரம் சங்கிலியிட்டு வைப்பதையும், கட்டி வளர்க்கும் நாயை உலாவவிடாமல் புறக்கணிப்பதையும் 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் குற்றமாகவே கூறுகிறது.

இரண்டாவது, அடித்தல். அடிபட்ட நாய் கற்பதில்லை; அஞ்சுகிறது. அஞ்சிய நாயே பெரும்பாலும் கடிக்கிறது. வீட்டினுள் சிறுநீர் கழித்த குட்டியை ஒரு மணி நேரம் கழித்து அடித்தால், அடியின் காரணம் அதற்கு விளங்காது. நன்று செய்த அக்கணமே ஒரு துண்டு உணவு தந்து பாராட்டினால் விரைவில் பழகும். உண்ணும் நாயையும் உறங்கும் நாயையும் தொடலாகாது என்று குழந்தைகளுக்குக் கற்பிப்பதும் இதில் அடங்கும்.

மூன்றாவது, உறுப்பை அறுத்தல். அழகுக்காகக் காதையும் வாலையும் வெட்டுவது ஐயமின்றி இவ்வழுவே. கருத்தடை அறுவையும் இதில் சேருமோ என்று சிலர் வினவுவர். அழகு கருதி அறுப்பதும், மயக்க மருந்து தந்து மருத்துவர் செய்யும் சிகிச்சையும் ஒன்றல்ல. பிறந்த குட்டிகளைச் சாக்கில் கட்டித் தெருவோரம் விட்டுச் செல்லும் கொடுமையை எண்ணினால் எது பெருந்தீங்கு என்பது புலனாகும். அறுவைக்கு மனம் ஒப்பாதவர், பெண் நாய் பருவமுற்ற மூன்று வாரங்களும் அதனை வீட்டினுள் காக்கும் பொறுப்பை ஏற்றே ஆக வேண்டும்.

நான்காவது, மிகைப்பாரம். நாயின் முதுகில் மூட்டை ஏற்றுவோர் இல்லை. எனினும் நண்பகல் வெயிலில் இருசக்கர வண்டியின் பின்னே ஓடவிடுவதும், குட்டி விற்பனைக்காக ஓய்வின்றி ஈனவைப்பதும் தாங்கவொண்ணாப் பாரமே. மனிதரைப் போல் உடல் முழுதும் வியர்த்துக் குளிர நாயால் இயலாது. மூச்சிரைத்தே வெப்பம் தணிக்கிறது. கோடையில் அதற்கு நிழலே மருந்து.

ஐந்தாவது, உணவும் நீரும் தடுத்தல். இவ்வழு அறியாமலேயே நிகழக்கூடியது. நோன்பு மனிதர் தாமே விரும்பி ஏற்பது. நாய் எந்த விரதமும் ஏற்கவில்லை. அடுப்பு எரியாத நோன்பு நாளிலும் நாய்க்கு உணவு வேண்டும். பொழுது சாயுமுன் உணவிடலாம். நீர்க்கலத்தை இரவில் எடுத்துவிடலாகாது. புலால் கலவா உணவில் நாயை வளர்க்க இயலும். ஆனால் தயிர்ச்சோறு மட்டும் போதாது. வேண்டிய புரதமும் பிற சத்துகளும் சேர உணவை வகுக்கக் கால்நடை மருத்துவரைக் கலந்தறிய வேண்டும். எடை குறைந்தாலோ மயிர் உதிர்ந்தாலோ அவர் சொல்லுக்குச் செவிசாய்க்க வேண்டும். சாவகர் விலக்கிய வெங்காயமும் பூண்டும் நாயின் குருதிக்கும் கேடு செய்வன. சாக்லேட்டும் ஆகாது.

நோய்த்தடுப்பும் உயிர்க்காவலே. குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் பார்வோ முதலிய நோய்களுக்கான தடுப்பூசி தொடங்கும். மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி இட்டு, பின்னர் மருத்துவர் குறிக்கும் நாளில் ஆண்டுதோறும் தொடர வேண்டும். வெறிநோய் முற்றிய பின் மனிதரைக் காப்பது ஏறத்தாழ இயலாத செயல். நாய் கடித்தால், மஞ்சளோ சுண்ணாம்போ தடவாமல், ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். உண்ணியைக் கொல்ல மனம் கூசுவோர், அது வராமல் காப்பதில் முந்த வேண்டும்: நாள்தோறும் சீவுதல், உலர்ந்த படுக்கை, தூய தரை.

முதுமையில் கைவிடாமையும் கடமையே. கண் மங்கிய நாயைத் தொலைவில் கொண்டுபோய் விடுவது சட்டத்திற்கும் அறத்திற்கும் ஒருங்கே மாறானது.

இப்பள்ளத்தாக்கின் உத்தமபாளையத்தில் பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர் திருவுருவங்கள் ஆயிரம் ஆண்டுகளாக அருளறத்திற்குச் சான்றாக நிற்கின்றன. திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணியும் அவ்வறத்தையே காட்டுகிறது. உணவைத் தொட்ட குற்றத்திற்காகச் சிலரால் அடியுண்டு உயிர்விடும் நாயின் செவியில் சீவகன் ஐம்பத மந்திரம் ஓதினான். அந்நாய் சுதஞ்சணன் என்னும் தேவனாகிப் பின்னாளில் அவன் உயிரையே காத்தது. இறக்கும் நாயின் செவியில் மந்திரம் ஓதும் பேறு எல்லோர்க்கும் வாய்ப்பதில்லை. வாழும் நாயின் சங்கிலியை அவிழ்த்து, நீர்க்கலத்தை நிரப்பி, தடுப்பூசி நாளை மறவாதிருக்கும் பேறு நாய் வளர்க்கும் ஒவ்வோர் இல்லத்திற்கும் வாய்த்திருக்கிறது.

வாழ்க அறம்! வளர்க அருள்!