உருகுவதும் உருக்குவதும்



பவுண்டரிகள் நிறைந்த கணபதியில் நின்றுகொண்டு இலக்கணம் பேச வந்துட்டானே என்று சலித்துக்கொள்ள வேண்டாம். பவுண்டரியிலிருந்தே தொடங்குகிறேன்.

உலையில் இரும்பு உருகுகிறது. உருக்குகிறவர் நாம். நடுவில் ஒரு 'க்' கூடியதும் தன்வினை பிறவினையாகிவிட்டது. அந்த 'உருக்கு' எந்த விகுதியும் சேராமலே பெயராகி எஃகைக் குறிக்கிறது. 1970இல் அடிக்கல் நாட்டிய சேலம் ஆலையை உருக்காலை என்றுதானே சொல்கிறோம்? 'அம்' சேர்ந்தால் உருக்கம். 'இ' சேர்ந்தால் உருக்கி. காசநோய்க்கு எலும்புருக்கி என்று பேர் வைத்தவர்கள் நம் பெரியவர்கள். இரும்பு, மனசு, எலும்பு மூன்றுக்கும் வேர் ஒன்றே. ஆனால் 'உருக்குலைந்தது' இந்தக் குடும்பத்தில் சேராதுங்க. அது உரு குலைந்தது.

தென்னிந்திய எஃகை ஐரோப்பியர் 'வூட்ஸ்' என்றார்கள். அது கன்னட, தெலுங்கு 'உக்கு'விலிருந்து போனது என்றும், அந்த உக்கு நம்ம உருக்குக்கு உறவு என்றும் ஆய்வாளர் பலர் சொல்கிறார்கள். நொய்யல் கரையில், சென்னிமலைக்குப் பக்கத்துக் கொடுமணலில் பழைய இரும்பு உலைகளே அகழ்வில் கிடைத்திருக்கின்றன. சொல்லும் இங்கே, உலையும் இங்கே!

வினை விகுதிகளை நன்னூலில் பவணந்தியார் தொகுத்து வைத்திருக்கிறார். அவர் எங்க சீனாபுரத்துக்காரர் என்று பெருந்துறைப் பக்கம் உரிமை கொண்டாடுவார்கள்.

இந்த வித்தை தமிழுக்கு மட்டும் சொந்தமில்லை. மண்டேலாவின் தாய்மொழியான கோசாவில் 'ஃபுண்டா' என்றால் படி. 'ஃபுண்டிசா' என்றால் படிக்கவை, அதாவது கற்பி. 'உம்ஃபுண்டி' மாணவர், 'இம்ஃபுண்டோ' கல்வி. அவர்கள் வேருக்கு முன்னாலும் ஒட்டுகிறார்கள், பின்னாலும் ஒட்டுகிறார்கள். நாம் பின்னால்தான் ஒட்டுவோம்.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன்? அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் சிவில், மெக்கானிக்கல் படிப்புகளைத் தமிழ்வழியில் தொடங்கியது. அப்படிப் படிக்கிற பிள்ளை கையில் நீளமான கலைச்சொல் பட்டியலைக் கொடுத்தால், ஒவ்வொன்றையும் தனித்தனியாக உருப்போடுகிறான். பாதி மறந்துபோகிறது, தமிழில் படித்ததே தப்போ என்று நினைக்கிறான். தப்பு அவன் மேல் இல்லைங்க, வேரைக் காட்டாமல் பட்டியலைக் கொடுத்தவர்கள் மேல். அம்மா தோசை வார்க்கிறாள், ஆடியில் கோயிலில் கூழ் வார்க்கிறார்கள். இதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு வார்ப்பு, வார்ப்படம், வார்ப்பிரும்பு என்பவற்றை மனப்பாடம் செய்ய என்ன இருக்கிறது? பட்டறையில் அவன் 'காஸ்டிங்' என்றே சொல்லிக்கொள்ளட்டும், எனக்குச் சண்டையில்லை. பரீட்சைத் தாளில் 'வார்ப்பு' என்று கண்டால் மிரளக்கூடாது, அவ்வளவுதான்.

சாப்பாட்டு மணி அடிக்கப் போகிறது. தம்பி தங்கைகளுக்கு ஒரு கணக்குப் போட்டுவிட்டு இறங்கிக்கொள்கிறேன். விடுதியில் இருக்கும் ஒருவர், விடுமுறை போதாமல், இன்னும் ரெண்டு நாள் வீட்டில் இருக்க விடுப்புக் கடிதம் எழுதுகிறார். அதில் ஒரே வேர் எத்தனை தடவை வருகிறது?