என் மேஜையில் தூங்கிய ஐந்து நாட்கள்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வேலையில் கற்றுக்கொண்ட ஏதாவது ஒன்றைப் பற்றிப் பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். மேடையேறிச் சாதனை சொல்வதுதான் வழக்கம். நான் ஒரு தப்பைச் சொல்லப் போகிறேன்.

மூன்றாம் ஆண்டில் 'ப்ராசஸ் சார்ட்' என்று ஒரு பாடம் இருந்தது, நினைவிருக்கிறதா? வட்டம் என்றால் வேலை, அம்புக்குறி என்றால் நகர்வு, சதுரம் என்றால் பரிசோதனை, தலைகீழ் முக்கோணம் என்றால் இருப்பு, ஆங்கில 'டி' எழுத்து என்றால் காத்திருப்பு. ஃபிராங்க் கில்பிரெத், அவர் மனைவி லில்லியன் இருவரும் 1921-இல் அமெரிக்க இயந்திரவியல் பொறியாளர் சங்கத்தில் அறிமுகப்படுத்திய முறை. 1947-இல் அந்தச் சங்கம் இந்த ஐந்து குறிகளையும் தரப்படுத்தியது. நான் இதையெல்லாம் பக்கத்து ரூம் நண்பனின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதி மார்க் வாங்கியவன். அவனும் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறான். நன்றி மாப்ளே!

கோவைப் பக்கம் பம்ப் செட் செய்யும் ஒரு தொழிற்சாலையில் எனக்கு சர்வீஸ் பிரிவைக் கொடுத்தார்கள். வாரண்டியில் திரும்பி வரும் மோனோபிளாக் பம்புகளைச் சரிசெய்து அனுப்ப வேண்டும். ஒரு பம்ப் உள்ளே வந்து வெளியே போக 11 நாள் ஆனது. கோடையில் ஒரு டீலர் போன் செய்தார். "சார், இங்க வாழை காயுது. நீங்க அங்க என்ன பண்றீங்க?" எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது.

கம்ப்யூட்டரைப் பார்த்தேன். வந்த தேதி, போன தேதி, நடுவில் 'சர்வீஸ் பிரிவில் உள்ளது' என்ற ஒரே வரி. அந்தப் பிரிவில் பெஞ்சில் வேலை பார்ப்பவர் ஒரே மெக்கானிக். இருபது வருட சர்வீஸ்காரர். தாமதத்துக்கு விளக்கம் கேட்டு அவருக்கு ஒரு மெமோ டைப் செய்தேன். கொடுக்கும் முன் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

"குடுங்க சார், வாங்கிக்கறேனுங்க. அதுக்கு முன்னாடி ஒரே ஒரு பம்பு கூடவே கேட்டிலிருந்து நடந்து பாருங்க."

மறுநாள் கையில் அட்டை, பென்சில், கடிகாரத்துடன் கேட்டில் நின்றேன். வந்திறங்கிய ஒரு பம்பில் சாக்பீஸால் குறி போட்டு, அது போன இடமெல்லாம் போனேன். அது நின்ற இடத்துக்கு அடிக்கடி போய்ப் பார்த்து நேரம் எழுதினேன். கணக்கு இதுதான்:

கேட் பதிவு முடிந்து பெஞ்சுக்கு வர 2 நாள். பிரித்துப் பார்த்துக் குறை எழுத 40 நிமிடம். வாரண்டி ஒப்புதலுக்காக அந்தச் சீட்டு காத்திருந்தது 3 நாள். ஸ்டோர்ஸிலிருந்து சீலும் பேரிங்கும் வர 2 நாள். பூட்டி டெஸ்ட் செய்ய 75 நிமிடம். டெஸ்ட் ரிப்போர்ட்டில் கையெழுத்து ஆக 2 நாள். லாரிக்கு 2 நாள்.

ஆக 11 நாளில் பம்பின் மீது கை பட்ட நேரம் 2 மணிக்கும் குறைவு. மற்றதெல்லாம் 'டி'! அதில் 5 நாள், ஒப்புதலும் ரிப்போர்ட்டும், யாருடைய மேஜையில் கிடந்தன தெரியுமா? என் மேஜையில்தான். நான் செவ்வாயும் வெள்ளியும் மட்டும் சீட்டுகளில் கையெழுத்துப் போடுவேன். அது ஒழுங்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மெமோவைக் கிழித்தேன். அவரிடம் மன்னிப்பும் கேட்டேன். அவர், "டீ சாப்பிடலாம் வாங்க சார்" என்றார்.

பிறகு ஸ்டோர்ஸ்காரர், கேட் வாட்ச்மேன், டெஸ்ட் செய்பவர் எல்லோரையும் அந்த பெஞ்சைச் சுற்றி நிற்க வைத்து வரைபடத்தைக் காட்டினேன். முதல் கேள்வி, "இதுல யாருக்காவது வேலை போகுமா சார்?" போகாது என்று மேலதிகாரியிடம் முன்பே பேசி வைத்திருந்ததால் தைரியமாகச் சொல்ல முடிந்தது. அதன் பிறகுதான் வாய் திறந்தார்கள். வழக்கமான சீல், பேரிங் வகைகளை பெஞ்சிலேயே ஒரு ரேக்கில் வைத்தோம். அவற்றுக்கு ஒப்புதல் தரும் உரிமையை மெக்கானிக்குக்குக் கொடுத்தோம். டெஸ்ட் ரிப்போர்ட்டில் டெஸ்ட் செய்பவரே கையெழுத்து. விலை கூடிய பாகங்களுக்கு மட்டும் நான், அதுவும் தினமும் மாலை 4 மணிக்கு பெஞ்சுக்கே போய். வேகத்தில் குறை எழுதும் சீட்டையும் எடுத்துவிடலாம் என்றேன். மெக்கானிக் தடுத்தார். "அது இல்லேன்னா எந்த சீல் அடிக்கடி போகுதுன்னு எப்படிங்க தெரியும்?" சரிதானே! வெட்டக்கூடாததும் உண்டு.

11 நாள் 4 நாளானது. கேட்டில் 1, அபூர்வமான பாகம் வேண்டுமென்றால் 1, லாரிக்கு 2. செலவு ஒரு இரும்பு ரேக்.

கில்பிரெத் செங்கல் அடுக்கும் கொத்தனாராக வேலையைத் தொடங்கியவர். ஒரு செங்கல் வைக்க ஆன 18 அசைவுகளை 5 ஆகக் குறைத்தது கையில் சாந்து பட்ட அனுபவத்தால்தான். அதை நான் பரீட்சையில் எழுதினேன். புரிந்துகொள்ள ஒரு மெக்கானிக் தேவைப்பட்டார்.

நண்பர்களே, உங்களில் பலர் இன்று அதிகாரிகள். மருத்துவமனையோ, வங்கியோ, பஞ்சாலையோ, எங்கிருந்தாலும் ஒரு நாள் ஒரே ஒரு தாளின் பின்னாலோ ஒரே ஒரு பொருளின் பின்னாலோ நடந்து பாருங்கள். விதிப்புத்தகத்தில் இருப்பதை வரையாதீர்கள், நடப்பதை வரையுங்கள். எங்கே நிற்கிறது, யாருக்காக நிற்கிறது என்று கேளுங்கள். முதலில் உங்கள் மேஜை ட்ரேயைப் பாருங்கள்.

நமது ஹாஸ்டல் மெஸ்ஸில் 20 நிமிடம் வரிசையில் நின்று 5 நிமிடத்தில் தோசை சாப்பிட்டோமே, அன்றைக்கே இந்தப் பாடம் ஆரம்பித்துவிட்டது. மதிய உணவுக்கு வரிசை நீள்வதற்குள் முடித்துக்கொள்கிறேன்.