டாக்கா ஏன் லண்டனைப் போல் வளரவில்லை?

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதிய உணவுக்கு முந்தைய உரை என்னுடையது. அதனால் ஒரே ஒரு வினாவை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

‘நகரமயமாதலின் விளைவுகள் யாவை?’ நாம் அடிக்கடி கேட்கும் ஐந்து மதிப்பெண் வினா. மக்கள் நெருக்கம், குடிசைப் பகுதிகள், சுகாதாரக் கேடு, குற்றங்கள் என்று பிள்ளைகள் வரிசையாக எழுதிவிடுவார்கள். நாமும் ‘டிக்’ போட்டுவிடுவோம். சென்ற ஆண்டு இதை நடத்தியபோது, ஒடிசாவிலிருந்து பெற்றோருடன் வந்து எங்கள் பள்ளியில் படிக்கும் மாணவி எழுந்து, “சார், எங்கப்பாவும் ஊரை விட்டு வந்தவர்தானே, அப்போ நெரிசலுக்கு நாங்கதான் காரணமா?” என்று கேட்டாள்.

பதிலாக இரண்டு நகரங்களைக் கரும்பலகையில் எழுதினேன். லண்டனில் 1801-இல் சுமார் 10 லட்சம் பேர். 1901-இல் சுமார் 65 லட்சம். நூறு ஆண்டுகளில் ஆறரை மடங்கு. டாக்காவில் 1950-இல் மூன்றரை லட்சத்துக்கும் குறைவு, 2018-இல் ஐ.நா. மதிப்பீட்டின்படி 1 கோடியே 96 லட்சம். எழுபது ஆண்டுகள்கூட ஆகவில்லை, ஐம்பது மடங்குக்கு மேல்! பிள்ளைகளையே வகுத்துப் பார்க்கச் சொன்னேன். கணக்கு ஆசிரியர்கள் மகிழ்வார்கள்.

லண்டனும் ஒரு காலத்தில் நாறித்தான் கிடந்தது. காலரா ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. 1858 கோடையில் தேம்ஸ் ஆற்றின் துர்நாற்றம் நாடாளுமன்றத்துக்குள்ளேயே புகுந்த பிறகுதான் அவசரமாகச் சட்டம் வந்தது. ஜோசப் பேசல்கெட் என்ற பொறியாளர் பாதாளச் சாக்கடைகளைக் கட்டினார். கட்டுவதற்குப் பணம் இருந்தது. உலகின் செல்வம் அந்தத் துறைமுகத்தில் வந்து இறங்கிய காலம் அது. கிழக்கு வங்காளத்துச் சணல் ஸ்காட்லாந்தின் டண்டீ ஆலைகளுக்குப் போன கதையை வரலாற்று ஆசிரியர் இங்கே சேர்த்துக்கொள்ளலாம்.

டாக்காவுக்கு வருபவர்களில் பலர் ஆற்று அரிப்பிலும் புயலிலும் நிலத்தை இழந்தவர்கள். போலா தீவிலிருந்து வந்தவர்கள் குடியேறியதால் ‘போலா பஸ்தி’ என்றே ஒரு குடிசைப் பகுதிக்குப் பெயர். இப்படி வருபவர்களுக்கு வேலை தருவது ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் சட்டை தைக்கும் ஆலைகள். 2013 ஏப்ரலில் டாக்காவை அடுத்த சவாரில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். முந்தைய நாளே சுவரில் விரிசல் தெரிந்தது. கீழே இருந்த வங்கியையும் கடைகளையும் மூடிவிட்டார்கள். தையல் தொழிலாளர்களை மட்டும் மறுநாள் உள்ளே அனுப்பினார்கள். இதைச் சொன்னபோது வகுப்பில் சத்தமே இல்லை.

எல்லாப் பழியையும் பணக்கார நாடுகள் மேல் போடுவதும் சரியல்ல. டாக்காவின் செல்வந்தர்கள் வாழும் குல்ஷனுக்கும் கொரைல் குடிசைப் பகுதிக்கும் நடுவே ஓர் ஏரிதான் இருக்கிறது.

அந்த மாணவியிடம் இதைத்தான் சொன்னேன்: “உங்கப்பா வந்ததால் குடிசைப் பகுதி உருவாவதில்லை. வருகிறவர்களின் உழைப்பை வாங்கிக்கொண்டு, வீடும் தண்ணீரும் கொடுக்காமல் விடுவதால் உருவாகிறது.”

நீங்களும் செய்து பார்க்க ஒரு செயல்பாடு. பிள்ளைகளைத் தங்கள் வீட்டுச் சட்டைகளின் கழுத்துப் பட்டியைப் பார்த்து, எங்கே தைத்தது என்று குறித்துவரச் சொல்லுங்கள். திருப்பூர் ஏற்றுமதி ஆலைகளில் பெற்றோர் வேலை செய்யும் பிள்ளைகள் இருந்தால், அந்தச் சட்டைகள் எந்த நாட்டுக்குப் போகின்றன என்று அவர்களே சொல்வார்கள். பிறகு பழைய வினாவுக்குப் பதிலாக இதைக் கேளுங்கள்: ‘லண்டனுக்குக் கிடைத்து டாக்காவுக்குக் கிடைக்காதவை எவை?’ இதற்கு மதிப்பெண் எப்படிப் பிரிப்பது என்பதை மதியம் குழுவாக உட்கார்ந்து பேசலாம்.