காதில் விழாத ஓர் எண்

விடியற்காலைப் பெரட்டில் கிராணியார், "இருபத்து நாலாம் நிரை" என்கிறார். நம் காதில் "நாலாம் நிரை" என்று மட்டும் விழுகிறது. "சரிங்க ஐயா, நாலாம் நிரை" என்று சொல்லிவிட்டுப் போகிறோம். அவரும் அதைக் கவனிக்கவில்லை. கெடுவது ஒரு நாள் வேலைதான். ஆகாயத்தில் இதே தவறு நேர்ந்தால்?

நம் நாட்டிலேயே நேர்ந்திருக்கிறது. 1989ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள் காலை, பிளையிங் டைகர் நிறுவனத்தின் போயிங் 747 சரக்கு விமானம் ஒன்று சிங்கப்பூரிலிருந்து சுபாங் விமான நிலையத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. 2,400 அடி உயரத்துக்கு இறங்கலாம் என்று தரையிலிருந்த கட்டுப்பாட்டு அதிகாரி வானொலி வழியே அனுமதி தந்தார். ஆனால், "இரண்டாயிரத்து நானூறு அடி" என்று முழுமையாகச் சொல்லவில்லை. ஆங்கிலத்தில் "டூ, ஃபோர், ஸீரோ, ஸீரோ" என்று இலக்கங்களை மட்டும் அடுக்கினார்.

ஆங்கிலத்தில் இரண்டு என்ற எண்ணுக்கும், ஓர் அளவு வரை என்று குறிக்கும் சொல்லுக்கும் ஒலி ஒன்றே. ஆகவே விமானி, 400 அடிக்கு இறங்கச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டார். "சரி, ஃபோர், ஸீரோ, ஸீரோ" என்று திருப்பியும் சொன்னார். தவறு வெளிப்பட்ட நொடி அது. யாரும் திருத்தவில்லை.

விமானம் இறங்கியது. தரை நெருங்குகிறது என்று எச்சரிக்கும் கருவி ஒலித்தும், விமானத்தை உடனே மேலே எழுப்பவில்லை. பூச்சோங் அருகே, கடல் மட்டத்திற்கு மேல் 437 அடி உயரத்தில், அது குன்றின் சரிவில் மோதியது. உள்ளே இருந்த நால்வரும் மாண்டனர்.

நேயர்களே, திருப்பிச் சொல்வது மட்டும் போதாது. சொன்னவர் அதைக் காது கொடுத்துக் கேட்கவும் வேண்டும். உயரத்தை "ஆயிரம்", "நூறு", "அடி" என்ற சொற்களோடு முழுமையாகச் சொல்வதும், எச்சரிக்கை ஒலித்ததும் காரணம் தேடாமல் மேலே எழும்புவதும் விமானத் துறையின் விதிகள்.

நமக்கும் இது பொருந்தும். மருந்தகத்தில் குழந்தைக்கு மருந்து தருகிறார்கள். "அரைக் கரண்டி, ஒரு நாளைக்கு மூன்று வேளை, அப்படித்தானே ஐயா?" என்று திருப்பிக் கேளுங்கள். அவர் "ஆமாம்" என்று சொல்லும்வரை நகராதீர்கள். கேட்பதில் வெட்கமில்லை, அரைகுறையாகக் கேட்டு வீடு திரும்புவதில்தான் ஆபத்து.