ஒரே கூரையில் இரண்டு சந்நிதி



பிலிமத்தலாவைக்குப் பக்கத்தில் கடலாதெனிய விகாரை இருக்கிறது. கணேஸ்வராசாரி என்ற தென்னிந்தியச் சிற்பி 1344இல் பாறைமேல் எழுப்பியது. புத்தருக்கு ஒரு சந்நிதி, ஒட்டினாற்போல் விஷ்ணுவுக்கு ஒன்று. ஒருவர் கைவிட்ட பிறகுதான் மற்றவரிடம் போகவேண்டும் என்று அங்கே யாரும் சொல்வதில்லை.

ஆஸ்பத்திரியில் மட்டும் அப்படிச் செய்துவிடுகிறோம். வைத்தியம் தோற்றபின் கடைசியில் கூப்பிடுவதே நோய்த்தணிப்புப் பராமரிப்பு என்று பழகிவிட்டோம்.

என்பு மச்சை மாற்றைப் பாருங்கள். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி 1986இலேயே தொடங்கிய சிகிச்சை. கடும் மருந்தால் பழைய மச்சையை ஒழித்து, குருத்தணுக்களை இரத்தம்போல ஏற்றுகிறோம். அவை வேர்பிடிக்க இரண்டு, மூன்று வாரங்களாகும். அதுவரை தனியறை. வாயெல்லாம் புண், எச்சில் விழுங்கவும் நோகும். குமட்டல், வயிற்றோட்டம், காய்ச்சல், தூக்கமில்லா இரவுகள். பிழைக்கப்போகிறவர் படும் பாடு இது.

பாஸ்டனில், மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில், இத்தகைய 160 நோயாளரிடம் ஓர் ஆய்வு நடந்தது. 2016இல் வெளியானது. ஏறத்தாழப் பாதிப்பேரை, வாரத்துக்கு இரண்டு தடவையாவது, நோய்த்தணிப்புக் குழுவினரும் பார்த்தார்கள். இரண்டாம் வாரத்தில் அவர்களது வாழ்க்கைத் தரம் மற்றவர்களைவிடக் குறைவாகவே சரிந்தது. மூன்று மாதம் கழித்தும் மனச்சோர்வு குறைவாக இருந்தது. உடனிருந்து பராமரித்த உறவினருக்கும் மனச்சோர்வு அவ்வளவாக ஏறவில்லை.

இரண்டு பராமரிப்பும் சேர்ந்தே நடக்கும் என்று சொல்லிப் புரியவைப்பது, இன்று பட்டம் பெறும் மருத்துவ, தாதியப் பிள்ளைகளே, உங்கள் கடமை. தோட்டத்திலிருந்து வந்த தாயொருத்தி நாளை உங்கள் கையைப் பிடித்து, "மிஸ், எங்க புள்ளைய கைவிட்டுட்டீங்களா?" என்று கேட்பாள். "இல்லம்மா, மச்சை மாத்துற வைத்தியமும் நடக்குது, நோவை ஆத்துற வைத்தியமும் கூடவே நடக்குது" என்று அவள் பேச்சிலேயே சொல்லுங்கள். சிங்களத் தாய்க்குச் சிங்களத்தில் சொல்லுங்கள்.

சொன்னால் போதாது, அது உண்மையாகவும் இருக்கவேண்டும். ஆகவே நோயாளி வார்ட்டுக்கு வரும் முதல் நாளே காய்ச்சலைக் குறிக்கும் தாளில் நோவையும் குறியுங்கள். நித்திரை வந்ததா, பயமாக இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்பதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

உங்கள் கைகளுக்கு நல்ல பெயர் கிடைக்கட்டும்.