ஐந்தடி மூன்றங்குலமும் முதல் ஐந்து பேரும்



கொஞ்சம் எரிச்சலோடுதான் இன்று மைக் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். இப்போது கூடைப்பந்து கோச்சுகள் நாலு பேர் கூடினால் ஒரே பேச்சுதான். ஐந்து பேரும் நெடுநெடுவென்று இருக்கவேண்டுமாம். பந்தை யார் வேண்டுமானாலும் கொண்டுவரலாமாம். எதிரணி ஸ்கிரீன் போட்டால் ஆள் மாற்றிக்கொண்டால் போதுமாம். அமெரிக்காவின் என்.பி.ஏ. ஆட்டங்களை ராத்திரி கைப்பேசியில் பார்க்கிறார்கள், காலையில் மாவட்ட அணிக்கு ஆள் எடுக்க வந்துவிடுகிறார்கள். வந்ததும் முதல் வேலை, சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு. பையனின் தலை கோட்டுக்குக் கீழே நின்றால், "நல்லா ஆடுறப்பா, பெஞ்சுல இரு, தேவைப்பட்டா எறக்குறேன்."

தேவைப்பட்டால்! பந்தைக் கொண்டுவந்து மற்றவர்களுக்குப் பங்கிடுகிறவர்தான் பாயின்ட் கார்டு. அவர் குட்டையாக இருந்தால் சாம்பாரை இறக்கும்போது கொட்டுகிற தாளிப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அணி சோர்ந்துபோனால் அஞ்சு நிமிஷம் இறக்கு, சடசடவென்று ஓடட்டும், கூட்டம் கைதட்டும், மறுபடி உட்காரவை. நான் சொல்ல வந்தது இதற்கு நேர் எதிர். உங்களிடம் ஒரு நல்ல குட்டையான பாயின்ட் கார்டு இருந்தால் அவரை வைத்து ஆட்டத்தைத் தொடங்குங்கள். ஜம்ப் பால் போடும்போதே அவர் களத்தில் நிற்கவேண்டும். முதல் ஐந்து பேரில் ஒருவராக.

இதில் எனக்குச் சுயநலம் எதுவும் இல்லை. நான் ஆறடியைத் தாண்டியவன், ஃபார்வர்டாக ஆடியவன். எனக்குப் பந்து கொடுத்தவர்கள் எல்லோரும் என் தோளுக்கு வருகிறவர்கள்தான். நான் போட்ட கூடைகளில் பாதி அவர்களுடையது என்று எனக்குத் தெரியும்.

மக்சி போக்ஸ் பெயரை நேயர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். என்.பி.ஏ. வரலாற்றிலேயே மிகவும் உயரம் குறைந்தவர், 5 அடி 3 அங்குலம். 'ஸ்பேஸ் ஜாம்' படத்தில் ஆட்டத்திறமையைப் பறிகொடுக்கும் ஐந்து பேரில் ஒருவராக வருவாரே, அவரேதான். 1987-இல் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் வாஷிங்டன் புல்லட்ஸ் அணி அவரை முதல் சுற்றில், 12-ஆவது ஆளாக எடுத்தது. அதே அணியில் மனூட் போல் இருந்தார், 7 அடி 7 அங்குலம். இருவரையும் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தார்கள், படம் ஊரெல்லாம் சுற்றியது. ஆனால் ஆட்டம் என்று வந்தால் அவர் பெரும்பாலும் பெஞ்சில்தான். ஒரே சீசன். அடுத்த ஆண்டு புதிய அணிகளுக்கு ஆள் விட்டுக்கொடுக்க வேண்டி வந்தபோது இவரைக் காப்பாற்றி வைத்துக்கொள்ள வாஷிங்டனுக்குத் தோன்றவில்லை. ஷார்லட் ஹார்னெட்ஸ் எடுத்துக்கொண்டது.

அங்கேயும் முதல் சீசனில் அநேகமாகப் பெஞ்சுதான். 1989-90-இல் அவரைக் கொண்டு ஆட்டங்களைத் தொடங்க ஆரம்பித்தார்கள். அந்த சீசனிலேயே ஆட்டத்துக்குச் சராசரியாக 10.7 அசிஸ்ட், அதாவது கூடையில் முடிந்த பாஸ். பிறகு 1993-94-இல் 10.8 புள்ளி, 10.1 அசிஸ்ட். ஹார்னெட்ஸ் அணிக்காக அதிக அசிஸ்ட் கொடுத்தவர், அதிக ஸ்டீல் எடுத்தவர் என்ற இரண்டு பெயரும் அவருக்குத்தான்.

எனக்கு இன்னும் பிடித்த கணக்கு வேறு. தொழில்முறை வாழ்க்கை முழுவதும் சேர்த்துப் பார்த்தால் ஆட்டத்துக்கு 7.6 அசிஸ்ட், பந்தைப் பறிகொடுத்தது, அதாவது டர்னோவர், 1.6. ஒரு முறை இழந்தால் நாலரை முறைக்கு மேல் கூடை போட வைத்திருக்கிறார். மறுபடி சொல்கிறேன்: ஒன்று இழந்து, நாலரை கொடுத்திருக்கிறார். பந்தைக் கையில் வைத்திருப்பவருக்கு இதைவிட நல்ல சான்றிதழ் எனக்குத் தெரியாது.

இது எப்படி முடிகிறது? காரணம் அந்த உயரத்திலேயே இருக்கிறது. ஆறடி ஐந்து அங்குலக்காரர் டிரிபிள் செய்தால் பந்து தரையிலிருந்து அவர் இடுப்புக்கு ஏறவேண்டும். கை விட்டுக் கை சேரும்வரை அது யாருக்கும் சொந்தமில்லாத பந்து. போக்ஸின் டிரிபிளில் பந்து முழங்காலைத் தாண்டுவதே அபூர்வம். பறிக்க வருகிறவர் குனிந்தால் சமநிலை போய்விடும், குனியாவிட்டால் கை எட்டாது. அவர் குனிந்து நிமிர்வதற்குள் போக்ஸ் தாண்டிப் போயிருப்பார்.

தற்காப்பில் இதையே திருப்பிப் போடுங்கள். எதிரணியின் பாயின்ட் கார்டு பந்தை எடுத்துக்கொண்டு வருகிறார். போக்ஸ் அவருக்காக நடுக்கோட்டில் காத்திருக்கமாட்டார். அந்த முனையிலிருந்தே கூட வருவார், மார்பு எதிராளியின் இடுப்புக்கு நேரே. பந்து தரையில் பட்டு மேலே ஏறுகிறதே, அந்த ஏறும் வழியில் அவர் கை இருக்கும். நேராக நின்று டிரிபிள் செய்தால் பந்து போய்விடும். எனவே எதிராளி உடம்பைக் குறுக்கே போட்டு, முதுகைக் காட்டி, பின்பக்கமாகவே நகர்ந்து வரவேண்டியதுதான். முதுகைக் காட்டியவருக்குத் தன் அணி ஆட்கள் எங்கே நிற்கிறார்கள் என்று தெரியாது. 24 விநாடிக் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. நடுக்கோட்டைத் தாண்டும்போதே ஏழெட்டு விநாடி காலி. பந்து திருடு போகவே இல்லை, ஸ்கோர் ஷீட்டில் எதுவும் பதியவில்லை. ஆனால் அந்த அணி போட்டு வைத்திருந்த திட்டத்தில் கால்வாசி கரைந்துவிட்டது.

நான் கல்லூரியில் ஆடிய நாட்களில் இதை நேரில் அனுபவித்திருக்கிறேன். சாயங்கால ஆட்டம், சிமென்ட் தரை, ஒரு பக்கம் மட்டும் விளக்கு சரியாக எரிகிறது. எதிரணியில் ஒரு குட்டைப் பையன். எங்கள் பாயின்ட் கார்டு நல்ல உயரம், நல்ல கை. நான் வலது பக்கம் போய்க் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறேன், பந்து வரவே இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் எங்கள் ஆளின் பனியன் முதுகில் இருந்த எண்தான். "மச்சான், இங்கடா!" என்று கத்தினேன். திரும்பினால்தானே! இரண்டாம் பாதியில் அவனுக்குக் கால் கனத்துவிட்டது. தோற்றோம். அந்தக் குட்டைப் பையன் அன்று எத்தனை புள்ளி எடுத்தான் என்று கேட்டால் எனக்கு ஞாபகம் இல்லை. ரொம்ப இருக்காது.

இங்கேதான் என் விஷயம் வருகிறது. அந்தக் கால் கனம் இரண்டாம் பாதியில் வந்தது, ஆனால் ஏற்றியது முதல் நிமிஷத்திலிருந்து. இப்படியொரு குட்டை கார்டை ஆட்டத்தின் தொடக்கத்திலேயே இறக்கினால் எதிரணியின் மிகச் சிறந்த பந்தாளி முதல் கால்பகுதியிலேயே உழைக்க ஆரம்பிக்கிறார். பெஞ்சிலிருந்து அஞ்சு நிமிஷம் இறக்கினால்? அந்த நேரம் எதிரணியின் முதல் பாயின்ட் கார்டும் பெஞ்சில் தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பார். உங்கள் ஆள் அவருடைய மாற்று ஆளைத் துரத்திக்கொண்டிருப்பார். யாருக்கு லாபம்?

பெரிய கோச்சுகள் இதைப் புரிந்துகொண்டுதான் செய்திருக்கிறார்கள். போக்ஸ் படித்த பால்டிமோர் டன்பார் பள்ளி அணி 1982-83-இல் 31 ஆட்டம் ஆடி 31-ஐயும் வென்றது. கோச் பாப் வேட். அந்த அணியில் ரெஜி லூயிஸ் என்று ஒரு பையன், பின்னாளில் பாஸ்டன் செல்டிக்ஸின் கேப்டன் ஆனவர், 6 அடி 7 அங்குலம். டன்பாரில் லூயிஸ் பெஞ்சிலிருந்து வந்தார், போக்ஸ் தொடங்கினார். ஷார்லட்டுக்கு வாருங்கள். டெல் கரி, நம் பிள்ளைகள் கொண்டாடுகிற ஸ்டீஃபன் கரியின் அப்பா, 6 அடி 4 அங்குலம், தூரத்திலிருந்து போட்டால் வலை மட்டும்தான் அசையும். 1993-94-இல் சிறந்த ஆறாவது ஆட்டக்காரர் விருது அவருக்கு. அதாவது பெஞ்சிலிருந்து வருகிறவர்களில் சிறந்தவர். அவர் பெஞ்சில், 5 அடி 3 அங்குலம் முதல் ஐந்தில். கூடை போடுகிறவரை எப்போது வேண்டுமானாலும் இறக்கலாம், வேகத்தை நிர்ணயிக்கிறவரைத் தொடக்கத்திலேயே இறக்கியாகவேண்டும்.

போக்ஸ் தொடங்க ஆரம்பித்த 1989-90-இல் ஹார்னெட்ஸ் வென்றது 19 ஆட்டம். 1994-95-இல் 50. முழுப் பெருமையும் அவருக்கு என்று சொல்லமாட்டேன். லாரி ஜான்சன், அலோன்சோ மோர்னிங் என்ற நட்சத்திரங்கள் அணிக்கு வராமல் அது நடந்திருக்காது. அடுத்த சீசனில் முழங்கால் கெட்டு போக்ஸ் ஆடியது ஆறே ஆட்டம். அணி 41-க்கு இறங்கியது. மோர்னிங்கையும் அந்த ஆண்டே மயாமிக்கு அனுப்பிவிட்டார்கள் என்பதால் பழி முழுவதையும் முழங்கால் மேல் போடமுடியாது. கொஞ்சம் போடலாம். நான் போடுகிறேன்.

சரி, எதிர்வாதம் எனக்குத் தெரியாமல் இல்லை. "உயரமான கார்டு அவரை ரிங்குக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு போய், முதுகால் தள்ளி, தலைக்கு மேலே போட்டுவிடுவாரே?" போடுவார். சில தடவை போடுவார். ஆனால் அந்த நேரத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். பந்தைப் பங்கிடவேண்டிய ஆள் ரிங்கடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். அவருக்குப் பந்தைக் கொடுக்கும் வேலையை, அதற்குப் பழக்கமில்லாத இன்னொருவர் செய்கிறார். பெரிய ஆட்கள் இருவரும் வழியை விட்டு ஒதுங்கி நிற்கிறார்கள். ஒரு குட்டை மனிதரைத் தண்டிப்பதற்காக ஒரு முழு அணி தன் வழக்கமான ஆட்டத்தை விட்டுக்கொடுத்திருக்கிறது. ஒரு கோச்சாக நான் தினமும் இந்தப் பேரத்துக்குச் சம்மதிப்பேன். தலைக்கு மேலே போடுவது எப்போதும் பலிக்கும் என்றும் இல்லை. 1993-இல் நியூயார்க்கின் பாட்ரிக் யூயிங், ஏழடி மனிதர், போடப்போனபோது போக்ஸ் அந்தப் பந்தைத் தட்டிவிட்டார். வாழ்நாளில் அவர் தடுத்த 39 ஷாட்களில் ஒன்று. வீடியோ கிடைத்தால் பாருங்கள், யூயிங் பந்தைக் கீழே இறக்கினார், அங்கே ஒரு கை இருந்தது, அவ்வளவுதான்.

இன்னொன்று. போக்ஸ் ஆடிய காலத்தில் எதிராளி இடுப்பில் கையை வைத்துப் பிடித்துத் தள்ளலாம், நடுவர் கண்டுகொள்ளமாட்டார். அதற்கான விதியைக் கெடுபிடியாக்கியது 2004-க்குப் பிறகு. இன்றைய குட்டை கார்டுகளுக்கு அந்த விஷயத்தில் வேலை எளிது. ஐசையா தாமஸைப் பாருங்கள், 5 அடி 9 அங்குலம், 2011-இல் கடைசி ஆளாக, 60-ஆவதாக எடுக்கப்பட்டவர். பாஸ்டனில் முதலில் பெஞ்ச், பிறகு முதல் ஐந்து. 2016-17-இல் ஆட்டத்துக்கு 28.9 புள்ளி, அணி கிழக்குப் பிரிவில் முதலிடம். அந்தக் கோடையிலேயே அவரை வேறு அணிக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் புள்ளி குவிக்கிறவர், நான் ரசிக்கிற வகை வேறு. ஆகவே அவரை இத்துடன் விடுகிறேன்.

நான் ரசிக்கிற வகைக்கு ஆசியாவிலேயே ஆள் இருக்கிறார். ரூயி மச்சிதா, ஜப்பான் பெண்கள் அணி, 162 சென்டிமீட்டர். 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக் அரையிறுதியில், பிரான்ஸுக்கு எதிராக, ஒரே ஆட்டத்தில் 18 அசிஸ்ட். ஒலிம்பிக் சாதனை. பிரான்ஸ் பெண்களில் பெரும்பாலோர் அவரைவிட எவ்வளவு உயரம் என்று பாருங்கள்! அந்த அணியின் கோச் டாம் ஹோவாஸ், அமெரிக்கர், தன்னிடம் உயரம் இல்லை என்று அழுதுகொண்டிருக்கவில்லை. மச்சிதாவிடம் பந்தைக் கொடுத்து வேகத்தை ஏற்றினார். ஜப்பான் வெள்ளி வாங்கியது. நம் ஊர் உயரத்துக்கு நாம் பார்த்துப் படிக்கவேண்டிய ஆட்டம் அதுதான். ஆறரை அடி ஐந்து பேருக்கு நாம் எங்கே போவது?

நான் கோச்சாக இருக்கும் கிளப்பில் இப்போது ஒரு பெண் ஆடுகிறாள், பத்தாம் வகுப்பு. நான் சொன்ன சாக்பீஸ் கோட்டுக்கு நன்றாகக் கீழே. ஒரு தேர்வு முகாமில் பந்தைத் தொடவிடாமலேயே திருப்பி அனுப்பினார்கள். "சார், நான் ஆடிக் காட்டவே இல்லையே" என்றாள், அழவில்லை, கணக்குக் கேட்பதுபோலக் கேட்டாள். எங்கள் அணியின் எல்லா ஆட்டத்தையும் அவள்தான் தொடங்குகிறாள். எதிரணிக் கோச்சுகள் முதலில் சிரிப்பார்கள், அரைமணி நேரத்தில் தங்கள் பாயின்ட் கார்டைப் பார்த்து, "திரும்பி நின்னு ஆடும்மா, திரும்பி நில்லு" என்று கத்திக்கொண்டிருப்பார்கள்.

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கிறேன். ஆட்டத்தின் கடைசி விநாடிகள், ஒரு புள்ளி முன்னிலை, பந்து எதிரணியிடம். அப்போது அவளை உட்காரவைத்து நெட்டையான ஒருத்தியை இறக்குங்கள், நான் சண்டைக்கு வரமாட்டேன். நானே அதைச் செய்கிறவன்தான். ஆனால் நம் கோச்சுகள் கடைசிப் பத்து விநாடிக்கான ஆளை வைத்து முதல் பத்து நிமிஷத்தைத் தொடங்குகிறார்கள். அதைத்தான் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.